அந்த அறையில் அடித்த வாடை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மே மாத வெயிலில், வேலூர் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் கோடை இசை விழா நடந்தது. நான் ஆம்பூர்க்காரி. பள்ளியில் பாட்டு டீச்சர். எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குப் பாட்டெழுதி மெட்டும் போடுவேன். அதில் ஒன்றைக் கேட்டுவிட்டு, நிறைவு நாளில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு புதுப் பாட்டு அமைத்துத் தரும்படி விழாக்காரர்கள் அழைத்திருந்தார்கள். என்னை இசையமைப்பாளர் என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

விடுதி மாடியில் எனக்கும், என் பாட்டில் தனிக்குரல் பாட வந்திருந்த சென்னைப் பெண்ணுக்கும் ஒரே அறை. கட்டிலில் விரிப்பைப் போட்டு, கீபோர்டை ஜன்னலோரம் வைத்து, துணிகளை அடுக்கிக்கொண்டே பேசினோம். எந்த ஊர் என்று கேட்டார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்.

"டேனரில தோல் ஊறப்போடற வேலை" என்றேன்.

அவர் கையிலிருந்த துணியை அப்படியே கட்டிலில் போட்டார். தலைவலி என்று வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் விழா ஒருங்கிணைப்பாளர் வந்தார். வாசலைத் தாண்டாமல் நின்று, சிரித்த முகத்தோடு சொன்னார்.

"ரூம்ல ஏதோ வாடை அடிக்குதுன்றாங்க மேடம். நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கினு கீழ ரூமுக்குப் போய்ட்றீங்களா? அவங்க பாடணும் இல்ல?"

அந்த அறையில் அடித்தது புதுப் பெயின்ட் வாடை மட்டும்தான்.

"இன்னா வாடைன்னு அவங்களையே வந்து சொல்லச் சொல்லுங்க சார்."

"சின்ன விஷயம்மா, பெருசு பண்ணாதீங்க" என்று நகர்ந்துவிட்டார். அந்தப் பெண் வேறு யாருடைய அறையிலோ படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஒத்திகை. ஒருங்கிணைப்பாளரோடு குழு முழுக்க வந்து நின்றது. நான் கீபோர்டைத் தொடாமல், நடந்ததை அப்படியே சொன்னேன்.

"என் பாட்டு வேணும், நான் பக்கத்துல படுக்கக் கூடாதுன்னா, அந்தப் பாட்டு இங்க கெடையாது."

"எனக்கு அலர்ஜி. வேற ஒண்ணும் இல்ல" என்றார் அந்தப் பெண், தரையைப் பார்த்தபடி.

திருப்பத்தூரிலிருந்து பாட வந்திருந்த நர்ஸ் ஒருவர், "விடுங்க டீச்சர், நான் உங்க ரூமுக்கு வந்துட்றேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுவும் கோபத்தைத்தான் கிளப்பியது.

"நீங்க இன்னாத்துக்கு வரணும்? வாடைன்னு சொன்னவங்க பதில் சொல்லட்டும்."

அவர் ஒருங்கிணைப்பாளர் பக்கம் திரும்பி, "டீச்சர் கேக்கறது சரிதான் சார். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. அதுவரைக்கும் நானும் பாடல" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர் உட்கார்ந்தார். அப்புறம் வரிசை வரிசையாக எல்லோரும்.

ஒருங்கிணைப்பாளர் சொல்லி, மதியத்துக்குள் கீழ் அறைக்குப் போனது அந்தப் பெண்தான். அடுத்த நாள் ஊருக்கே கிளம்பிவிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, ஒருங்கிணைப்பாளரும் சொல்லவில்லை. தனிக்குரலை நர்ஸ் பாடினார். மேல் ஸ்தாயி அவருக்கு எட்டவில்லை என்பதால் சுருதியைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன். நிறைவு நாளில் ஒருங்கிணைப்பாளர் மேடையேறி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசினார். கைதட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை. மனதில் கோபம் இருந்தால் நல்ல பாட்டு வராது என்பார்கள். எனக்கென்னவோ, அன்று சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போயிருந்தால், அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.