இருபது தப்படி

ராயபுரத்தில் நாங்கள் நடத்திவந்த வாசகசாலையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரே விஷயத்தைப் பேசினோம். திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்கள் சங்கம் நடத்தவிருந்த ஓட்டப்பந்தயத்தில் என் மைத்துனனைச் சில தப்படி முன்னால் நிறுத்தலாமா, கூடாதா?

அவன் என் மனைவியின் தம்பி. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன். முந்தின வருஷம் ஒரு பெட்டி சரிந்து விழுந்ததில் வலது காலில் மூன்று விரல்கள் போய்விட்டன. அதற்கு முன் அவனை ஓடிப் பிடிக்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா என்று நான் தொண்டை கட்டும்வரை பேசினேன். சங்கத் தலைவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் விடவில்லை. “அப்படின்னா மூச்சிரைப்பு உள்ளவனுக்கும் இடம் குடுக்கணும். மணல்லயே வளந்த குப்பத்து ஆளப் பின்னால தள்ளணும். இது எங்க போயி முடியும்?” என்றார். காலையில் சாப்பிட்டு வந்தவன் சாப்பிடாதவனுக்குப் பின்னால் நிற்க வேண்டுமா என்று ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் வந்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். மைத்துனனும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் முப்பது என்றேன், வாத்தியார் பத்து என்றார். பேசிச் சலித்துப்போய் இருபது என்று முடித்தோம்.

பந்தயத்தில் நானும் ஓடினேன். மைத்துனன் குதிகாலை மணலில் குத்திக் குத்தி ஓடி, ஒரு கை நீளத்தில் ஜெயித்தான். இரண்டாவது நான். யாரும் கை தட்டவில்லை.

“இருபது ஜாஸ்தியாப் போச்சு” என்றார் வாத்தியார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரைத்த எனக்கும், ஆமாம், கொஞ்சம் ஜாஸ்திதான் என்று பட்டது. அப்படிப் பட்டதே என்று இன்றைக்கும் என்மேல் ஆத்திரம் வருகிறது.

பரிசு ஒரு குடை. அதைக் கொடுக்கலாமா என்று மணலிலேயே மறுபடி விவாதம் தொடங்கிவிட்டது. மைத்துனன் குறுக்கிட்டான்.

“நான் தோத்திருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?”

“இருபது பத்தலியேன்னு வருத்தப்பட்டிருப்போம்” என்றார் வாத்தியார்.

“அப்ப இன்னா ஆயிருந்தா சரின்னு ஒத்துக்குவீங்க?”

வாத்தியார் பொல்லாதவர் இல்லை. உண்மையாகவே யோசித்தார். “கொஞ்சத்துல தோத்திருந்தியானா, கணக்கு சரியா இருந்திருக்கும்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “நீ இன்னா சொல்ற, மாமா?”

மூன்று வாரம் பேசிய வாய்க்கு அப்போது பேச்சு வரவில்லை. சற்றுப் பொறுத்துத்தான், “குடையக் குடுத்துடுங்க” என்றேன். அவன் வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே நடந்துவிட்டான்.

வீட்டில் மனைவி சோற்றை வைத்துவிட்டு, “அவன் கேட்டப்ப ஒடனே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?” என்றாள்.

மறுவருஷம் அவனுக்குப் பதினைந்து தப்படி என்று முடிவாயிற்று. இந்தமுறை விவாதமே இல்லை. அவன் நாலாவதாக வந்தான். ஜெயித்தவனுக்குக் கிடைத்ததைவிட அவனுக்குத்தான் கைதட்டல் பலமாக இருந்தது. வாத்தியார் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். எல்லார் முகத்திலும் அத்தனை நிம்மதி. எனக்கு எரிச்சல்தான் வந்தது.