பிரேக் குழாய்க்குள் ஒரு போல்ட்

பிரேக் குழாயை அடைத்தவர் அந்த வக்கீல்தான். நான் இல்லை. ஈப்போ, புந்தோங் கோயில் மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால் அவர் சொன்னது பொய். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

பச்சை வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். பீடோர் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி துண்டு துண்டாக விற்றபோது ஒரு துண்டை வக்கீலின் அப்பா வாங்கினார். செட்டிநாட்டிலிருந்து வந்த குடும்பம், ஈப்போவில் வியாபாரம். தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய சின்ன ஸ்போர்ட்ஸ் காரை பங்களாவிலேயே விட்டுவிட்டுப் போனார். இங்கிலாந்தில் செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். பச்சை நிறம். கூரை கிடையாது. எழுபதுகளின் நடுவில் நான் தோட்டத்து லோரிகளைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக். என் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள்; பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கும் வேலை. வக்கீல் அப்போது வக்கீல் இல்லை. வெளிநாட்டில் படித்துக்கொண்டு லீவுக்கு வருவார். எங்களுக்கு அவர் சின்ன முதலாளி. என் வயதுதான்.

லீவு முழுக்க அந்த வண்டியோடு கிடப்பார். அதில் சுகம் என்று ஒன்றும் கிடையாது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் தோள் வலிக்கும். பிரேக் மிதி கட்டை மாதிரி இருக்கும். செம்மண் ரோட்டுக் கல் ஒவ்வொன்றும் முதுகில் இடிக்கும். ஆனால் வண்டி என்ன செய்கிறது என்பது கைக்கும் காலுக்கும் அப்படியே தெரியும். அதுதான் அவருக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒரு நாள் பெட்ரோல் குழாய் ஒழுகியது. கையில் கிளிப் இல்லை. ரப்பர் பால் பிடிக்கும் கோப்பையை நாங்கள் மங்கு என்போம். அதை மரத்தோடு பிடித்து வைக்க ஒரு கம்பி இருக்கும். அந்தக் கம்பியை எடுத்துக் குழாயை இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, கையைக் கிழிக்காதபடி நுனியை உள்பக்கம் மடக்கிவிட்டேன். மரம் வெட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் மடக்குவார்கள். சின்ன முதலாளி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அடுத்த முனையைத் தானே கட்டுவேன் என்று கம்பியை வாங்கினார். இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாவது முறை நுனியையும் மடக்கி நன்றாகக் கட்டினார். பரீட்சையில் பாஸானவர் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு தோட்டம் கைமாறியது. பச்சை வண்டியை அவர் அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் ஈப்போவுக்கு வந்து ஜெலாப்பாங்கில் ஒரு பட்டறை போட்டேன். எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடைக்காரர்கள் எல்லாம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பட்டறையின் பின்பக்கமாக ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதற்குள் வக்கீலாகிவிட்ட சின்ன முதலாளி இறங்கினார்.

"ஓட்டுற மாதிரியே இல்லலா. சோபாவுல உக்காந்து போற மாதிரி இருக்கு. இத பச்ச வண்டி மாதிரி ஆக்கிக் குடு" என்றார்.

புது வண்டியில் கை வைத்தால் கேரண்டி போய்விடும் என்றேன்.

"கேரண்டி என்னோடது. நீ கைய வை."

ஊரில் பெரிய பட்டறைகள் இல்லாமலா இருந்தன? என்னிடம் ஏன் வந்தார்? பச்சை வண்டியைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றார். நம்பினேன். பெருமையாகக்கூட இருந்தது. இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பெரிய பட்டறையில் என்ன வேலை என்று எழுதி, கையெழுத்து வாங்கியிருப்பார்கள். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. அதுவும் அவர் கணக்கில் இருந்ததோ என்னவோ.

இரண்டு மாதம் வேலை செய்தேன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களைக் குவித்து வைத்திருந்த சீனர் கடையில் தேடி, அதே கம்பெனியின் மலிவான மாடலிலிருந்து சாதா ஸ்டீரிங் பெட்டியைக் கழற்றி வந்தேன். பவர் ஸ்டீரிங்கை எடுத்துவிட்டு அதை மாட்டினேன். அகல டயரை எடுத்துவிட்டு ஒல்லி டயர் போட்டேன். சத்தத்தை அமுக்குவதற்குத் தரையில் ஒட்டியிருந்த தார் அட்டைகளைச் சுரண்டி எடுத்தேன். அதற்கே நான்கு நாள் ஆனது. மரத்தில் செய்த ஸ்டீரிங் வளையம் வாங்கிப் போட்டேன். சீட்டை இரண்டு விரல் இறக்கினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்தேன். கடைசி வாரம் வளைவில் திருப்பும்போது ரோடு கைக்கு வந்தது. தோளும் வலித்தது. சரியாக வந்துவிட்டது என்று தெரிந்தது. கழற்றிய சாமான் எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் கட்டி அவர் கையில் கொடுத்தேன். அது என் வழக்கம்.

கடைசியாக அவர் பிரேக்கைக் கேட்டார். பச்சை வண்டியில் மாதிரி மிதி கட்டையாக இருக்க வேண்டுமாம். புது வண்டிகளில் பூஸ்டர் என்று ஒரு டப்பா இருக்கும். என்ஜின் ஒரு குழாய் வழியாக அதிலிருந்து காற்றை உறிஞ்சும். நாம் லேசாக மிதித்தால் போதும், மீதி அழுத்தத்தை அது கொடுக்கும். அந்தக் குழாய் அடைபட்டால் அவ்வளவும் நம் கால்தான்.

"பச்ச வண்டி தகர டப்பா சார். இது ரெண்டு மடங்கு கனம், ரெண்டு மடங்கு ஓட்டம். அத எடுத்தா ரெண்டு காலும் பத்தாது. நான் செய்யமாட்டேன்" என்றேன்.

"சரி விடு. எந்தக் குழாய் அது?"

விரலால் தொட்டுக் காட்டினேன். அது என் தப்பு. செய்யமாட்டேன் என்று சொன்னவன் காட்டியிருக்கக் கூடாது.

வண்டி புதிதாக மாறிவிட்டது, பூசை போட வேண்டும் என்றார். புந்தோங்கில் எங்கள் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். என்னையே ஓட்டச் சொன்னார். பழத்தை நசுக்கி, பிரேக்கைக் கால் நுனியால் தொட்டு, ஓர் அடிக்குள் நிறுத்தினேன். பிறகு அவர் ஏறி வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கி, ஐயரும் கோயில் செயலாளரும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் நிற்கும்போதே சொன்னார்.

"எல்லாம் சரி. பிரேக்குதான் இன்னும் வெண்ண மாதிரி இருக்குலா."

எல்லாரும் சிரித்தார்கள். பஸ் ஓட்டும் ஒருவர், "வெண்ண வேணாம்னா எங்க பஸ்ஸ ஒரு நாளு ஓட்டுங்க சார், தொடை முறுக்கேறும்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். இந்தப் பேச்சைக் கேட்டவர்கள் இன்றைக்கும் புந்தோங்கில் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு வண்டி என் கைக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து பீடோர் பக்கத்து வளைவில் வண்டி நிற்காமல் போய் மரத்தில் மோதியது. வக்கீலுக்கு நெற்றியில் காயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவியின் தம்பி. அவருக்கு முழங்கால் நொறுங்கிப்போனது. நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தத் தம்பி கட்டிலில் படுத்தபடி சொன்னார்.

"அத்தான் ரெண்டு காலாலயும் அமுக்குனாரு, நிக்கலண்ணே. ஏறுனப்ப சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, இன்னிக்கித்தான் பச்ச வண்டி மாதிரி இருக்குன்னு."

இன்றைக்குத்தான் என்றால் நேற்றுவரை இல்லை. இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வண்டியைப் பார்க்கப் போனேன். வேறு பட்டறைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். யாருக்கும் காட்ட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருப்பதாகச் சொல்லி வாசலிலேயே நிறுத்தினார்கள்.

அடுத்த மாதம் கோயில் ஆண்டுக் கூட்டம். கோயில் வேனுக்கு பிரேக் வேலை இருந்தது. செயலாளர் என் பட்டறையைச் சொன்னார். வக்கீல் எழுந்தார். கைக்குட்டையைப் பிரித்து ஒரு போல்ட்டையும், முறுக்கு அவிழாத கம்பி வளையம் ஒன்றையும் தூக்கிக் காட்டினார்.

"பிரேக் குழாய்க்குள்ள இந்த போல்ட்டச் சொருகி, இந்தக் கம்பியால கட்டியிருந்துச்சு. இது யார் கட்டுற கட்டு? தோட்டத்துக்காரன் கை. என் மச்சான் காலு இனிமே மடங்காது."

மங்குக் கம்பி. நுனி உள்பக்கம் மடக்கியிருந்தது. மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் உட்கார்ந்தே இருந்தேன். வேன் வேறு இடத்துக்குப் போனது.

அதிலிருந்து யாரும் என்னிடம் பிரேக்குக்கு வருவதில்லை. எண்ணெய் மாற்ற வருவார்கள். டாக்சி ஓட்டும் நண்பர் ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "கோவிச்சுக்காதீங்கண்ணே. என்ஜினுக்கு உங்ககிட்டதான் வருவேன். பிரேக்குக்கு மட்டும் பொண்டாட்டி வேணாங்கிறா." பிரேக்குக்கு நம்பாத மெக்கானிக்கை வேறு எதற்கு நம்புவார்கள்? போகப் போக என்ஜினுக்கும் அவர் வரவில்லை.

வக்கீலின் மச்சானை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேட்டேன். "எனக்கு ஞாபகம் இல்லண்ணே" என்று இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஞாபகம் இல்லாமல் போகவில்லை, வாயை அடைத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

குழாயை அடைத்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எந்தக் குழாய் என்று கேட்டவர் ஒருவர்தான். கட்டை மாதிரி மிதி வேண்டும் என்று ஆசைப்பட்டவரும் அவர்தான். கம்பியை அப்படி மடக்க என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கற்றுக்கொண்டவரும் அவர்தான். கம்பியால் கட்டியது பழைய பழக்கத்திலா, பின்னால் என் தலையில் போடுவதற்கா? அது மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

வக்கீல் சார், குழாயைக் காட்டியது என் தப்பு என்று நான் எழுதிவிட்டேன். இந்த வருஷமும் அதே மண்டபத்தில் கூட்டம் நடக்கும். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று பிரேக் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொன்னீர்களா, இல்லையா? வெண்ணெயாக இருந்த பிரேக்கை மூன்று வாரத்தில் கட்டையாக்கியது யார்? அன்று எழுந்து நின்ற இடத்திலேயே எழுந்து நின்று, மைக்கைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்லுங்கள்.