நான் வைச்ச கையெழுத்தும் நெடுந்தீவுக்குப் போன படகும்

என்ர கையெழுத்தால பதினொரு பேர் கடலோட போயிருப்பினம். போகேல்லை. ஏன் போகேல்லை எண்டதைச் சொல்லத்தான் இந்தச் செபக்கூட்டத்தில உங்களுக்கு முன்னால நிக்கிறன். இதை எல்லாருக்கும் முன்னால சொல்ல எனக்கு இரண்டு வருசம் எடுத்தது.

நான் ஊர்காவற்றுறைப் பிள்ளை. அப்பா கடல்தொழில். நான் யாழ்ப்பாணத்தில லொஜிஸ்ரிக்ஸ் படிச்சனான். சாமானை எங்கயிருந்து எங்க, எதில, எப்பிடிப் பத்திரமாக் கொண்டுபோறது எண்ட படிப்பு. "அதுக்கும் ஒரு படிப்போ?" எண்டு சிரிச்ச ஆக்களும் இருக்கினம். கடைசி வருசம் மூண்டு மாதம் வேலைப் பயிற்சி. கூடப் படிச்ச பிள்ளையளுக்குக் கொழும்புத் துறைமுகம், விமான நிலையம் எண்டு கிடைச்சுது. எனக்குக் கிடைச்சது குறிகட்டுவான் இறங்குதுறையில, நெடுந்தீவுக்குச் சாமானும் சனமும் ஏத்துற ஒரு தனியார் படகு. என்ர அண்ணா ஜெறோமும் அதே படகிலதான் வேலை செய்தவர்.

எந்தப் பாரம் எங்க இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னம் எழுதிக் கையெழுத்து வைக்கிறது என்ர வேலை.

அது கார்த்திகை மாதம். தாழமுக்கம் வருது, கடல் கொந்தளிக்கும் எண்டு அறிவிச்சிருந்தவை. அடுத்த நாளிலயிருந்து படகு ஓடாது. அதால எல்லாரும் அண்டைக்கே சாமானை அனுப்ப நிண்டவை. சீமெந்து மூட்டை அடியில இருந்தால்தான் படகு நிமிர்ந்து போகும். அடி நிரம்பிட்டுது. மிச்சத்தை மேல் தட்டில, ஒரு பக்கமா அடுக்கினவை. அதுக்கு மேல பன்னிரண்டு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை.

முதலாளியிட்டப் போனன். "ஐயா, மேல்பாரம் கூடிப்போச்சு. இப்பிடிப் போகேலாது."

"பிள்ளை, உம்மட பயிற்சிக் கடிதம் நான்தானே தரவேணும்? கையெழுத்தைப் போடும்."

போட்டன்.

அண்ணா வந்து பேப்பரை எட்டிப் பாத்தார். "சரிதானே?" எண்டார். தலையாட்டினன். அவர் பாய்ஞ்சு ஏறினார். அவருக்குப் பின்னால கைக்குழந்தையோட ஒரு அம்மா ஏறினா.

படகு வெளிக்கிட்ட உடனயே இடப்பக்கம் சாஞ்சது. கொஞ்சம்தான். வேற ஆருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரிஞ்சுது. அதைத்தானே படிச்சனான்.

கொஞ்ச நேரத்தில காத்து ஒரேயடியா நிண்டுபோச்சு. தண்ணி ஈயம்மாதிரிக் கிடந்தது. ஒரு பறவையும் இல்லை. பிறகு வானம் கறுத்து, காத்தும் மழையும் எல்லாப் பக்கத்தாலயும் அடிக்கத் தொடங்கிச்சுது. அண்ணாவுக்குப் போன் எடுத்துப் பாத்தன், லைன் கிடைக்கேல்லை.

சாமான் கொட்டிலுக்குப் பின்னால முழங்காலில விழுந்தன். "ஆண்டவரே, பிழை என்ர. அவையைத் திருப்பித் தாரும்." வேற செபம் வரேல்லை. அதையே சொன்னன். சொல்லச் சொல்ல ஒண்டு விளங்கிச்சுது. முதலில நான் வாயைத் திறக்கவேணும்.

ஓடினன். இறங்குதுறையில கடமையில நிண்டவரிட்டச் சொன்னன்: "நான் பொய்க் கையெழுத்து வைச்சிட்டன். அந்தப் படகு கவிழும். ஆரையாவது அனுப்புங்கோ."

வயர்லெசில கூப்பிட்டார். பதில் இல்லை. உடனே ஒரு வேகப்படகு போச்சுது. அதையும் மழை மூடிட்டுது. ஒண்டரை மணித்தியாலம் ஒண்டும் தெரியேல்லை. பிறகு ஒரு சிவப்புக் கதிரை, காலெல்லாம் மேல பாத்தபடி, மிதந்து வந்து தூணில முட்டிச்சுது. பின்னால இன்னொண்டு. நான் எண்ணத் தொடங்கினன். ஏன் எண்ணினனான் எண்டு இண்டைக்கும் தெரியாது.

ஏழாவது கதிரைக்குப் பிறகு வேகப்படகின்ர சத்தம் கேட்டுது. பதினொரு பேரும் அதில இருந்தவை. குழந்தை அழுதுகொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பெருங்கடலுக்குள்ள போக முன்னமே, ஆரோ எறிஞ்ச பழைய வலை ஒண்டு படகுக்கு அடியில சுழலுற காத்தாடியில சிக்கி எஞ்சின் நிண்டுபோச்சாம். இன்னும் பத்து நிமிசம் ஓடியிருந்தால் பெரிய அலைக்குள்ள மாட்டியிருக்கும். கதிரையள் முதலே காத்தில கழண்டு கடலில விழுந்திட்டுதாம். கடைசி ஆளை வேகப்படகுக்கு மாத்தினதும், பாரப்படகு அப்பிடியே பிரண்டதாம்.

நனைஞ்சு நடுங்கிக்கொண்டு நிண்ட அண்ணாவிட்ட எல்லாத்தையும் சொன்னன். அவர் ஏசேல்லை. "உன்ர கையெழுத்தைக் கண்டுதான் நான் ஏறினனான்" எண்டார். அவ்வளவுதான். அடிச்சிருந்தால் சுகமா இருந்திருக்கும்.

பயிற்சிக் கடிதம் கிடைக்கேல்லை. படிப்பு ஒரு வருசம் பிந்திச்சுது. விரிவுரையாளரிட்ட மறைக்காமல் சொன்னன். அவ கொழும்பில பயிற்சிக்கு வேற இடம் எடுத்துத் தந்தா. இப்ப அங்கயே, கப்பலுக்குப் போற கொள்கலனுக்குள்ள பாரம் அடுக்கிறதைத் திட்டமிடுறது என்ர தொழில். கூடப் படிச்ச ஒருத்தி சுங்க வேலை பாக்கிறாள். இன்னொருத்தி மருந்துக் களஞ்சியத்துக்குப் பொறுப்பு. நல்ல படிப்பு. உங்கட பிள்ளையளை அனுப்புங்கோ. அதோட செபிக்கவும் பழக்குங்கோ.

போன மாதமும் ஒரு மனேஜர், பாரம் கூடின கொள்கலனுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி என்னை நெருக்கினவர். ஒரு நிமிசம் கண்ணை மூடி ஆண்டவரைக் கூப்பிட்டன். "ஏத்தேலாது" எண்டு எழுதிக் குடுத்தன். அவர் கத்தினவர். நான் எழுத்தை மாத்தேல்லை.

உங்களில ஆரும் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு, இதோட எப்பிடிச் செபிக்கிறது எண்டு தயங்கினால், அதோடயே அவரிட்டப் போங்கோ. சுத்தமாகினபிறகு போவம் எண்டு நிக்காதேங்கோ. நான் முழங்காலில விழேக்க அந்தப் பொய்க் கையெழுத்தின்ர மை என்ர விரலில காயேல்லை. அவர் என்ர செபத்தைக் கேட்டவர்.