டிரம்பெட்டில் இருந்த கை

1991-ல் நடந்தது இது. ஒரகடம் பக்கம் குடியிருந்தோம். என் கணவருக்குக் கம்பெனியில் வேலை. முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பார். சென்னையில் யாரோ வாசித்த பழைய டிரம்பெட்டை அந்த வருஷம்தான் வாங்கி வந்திருந்தார்.

ஆயுத பூஜைக்காகக் குத்துவிளக்கையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து முடித்தேன். டிரம்பெட்டும் பித்தளைதானே, பிடிக்கும் இடத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கிறதே என்று அதையும் எடுத்தேன். புளியை வைக்கப் போகும் நேரம், ஷிப்டு முடிந்து வந்தவர் வாசலிலிருந்தே கத்தினார்.

“இன்னாமே பண்றே! அது மேல கண்ணாடியாட்டம் ஒரு பூச்சு கீது. புளி போட்டுத் தேச்சா போச்சு!”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “அப்போ இங்க மட்டும் ஏன் கறுத்துக் கெடக்குது?”

“கை வேர்வதான். தொடைக்காம வுட்டா பூச்சையே தின்னுடும்.”

வாசிப்பதுபோல் பிடித்துக் காட்டினார். அவர் விரல்களையும் தாண்டிக் கறுப்பு நீண்டிருந்தது. அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். அவை திட்டுகள் இல்லை, விரல்கள். கட்டைவிரல்கூடத் தனியாகத் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் வாசித்த யாரோ ஒரு பெரிய கைக்காரர், தன் பிடியைப் பித்தளையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். புளியைத் தள்ளி வைத்தேன். எத்தனை கல்யாணம் பார்த்த கையோ! அதைப் போய்ப் புளி போட்டுத் தேய்க்க இருந்தேனே!

அன்றிலிருந்து அவர் வாசித்து வந்ததும் பழைய வேட்டித் துணியால் வேர்வையைத் துடைத்து வைக்கிறேன். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் டிரம்பெட் வைக்கும் பெட்டிக்கு மட்டும்தான். துடைக்கும்போது அந்த விரல்கள் இருக்கும் இடம் வந்தால், என் கை தானாகவே மெதுவாகிவிடுகிறது.