கழுவி வைத்த பாட்டில்

ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஐந்தாம் நாள் காலை செங்கேணிக்கு இடது கை தூக்க வரவில்லை. முந்தின நாள்வரை அந்தக் கையால்தான் தம்ளர் பிடித்துக் குடித்தார். குருசுக்குப்பத்து மீனவர். வலை இழுக்கும்போது மண்டை வெடிக்கிற மாதிரி வலித்து விழுந்தவர். முதுகில் ஊசி குத்தி எடுத்த நீர் ரத்தமாக வந்தது. மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு.

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஸ்டாஃப் நர்ஸ். இந்த நோயில் முதல் அடிக்குத் தப்பியவர்கள் சில நாளில் ஏன் மறுபடி மோசமாகிறார்கள் என்று எங்கள் டாக்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். குடித்த நீர், போன சிறுநீர், ரத்தத்தில் உள்ள சோடியம் என்கிற உப்பு, இந்த மூன்றையும் சார்ட்டில் எழுதுவது என் பொறுப்பு. என் சார்ட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது. அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு.

செங்கேணிக்கு சோடியம் இறங்கிக்கொண்டே போனது. சார்ட்டில் சிறுநீரும் குறைவு.

"உடம்புல தண்ணி தேங்குது, அதான் உப்பு நீர்த்துப்போவுது. தண்ணியக் குறைங்க சிஸ்டர்," என்றிருந்தார் டாக்டர். அன்றைக்கு வழக்கமான வைத்தியம் அதுதான். கை விழுந்ததும் இன்னும் குறைக்கச் சொன்னார்.

வாய் துடைக்கப் போனேன். நாக்கு கருவாடாகக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் தேங்கிய ஆளுக்கு நாக்கு இப்படியா இருக்கும்? அவர் மனைவி அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, காலையில மூத்திர பாட்டில்ல எவ்ளோ இருந்துச்சு?"

"ரெண்டு தபா ரொம்பிச்சு சிஸ்டர். ரவுண்ட்ஸ் வரங்காட்டியும் ஊத்திட்டுக் கழுவி வெச்சிட்டேன். நாத்தம் அடிச்சா நீங்க திட்டுவீங்கல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. சுத்தம் சுத்தம் என்று வார்டையே அதட்டி வைத்தவள் நான்தான். மற்ற படுக்கைகளிலும் விசாரித்தேன். எல்லாரும் அதையே செய்திருந்தார்கள். பாட்டிலில் மிஞ்சியதை மட்டும் அளந்து எழுதிய, அடித்தல் இல்லாத என் சார்ட்டுகள் அத்தனையும் தப்பு.

நேரே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை.

"இனிமே ஒரு சொட்டு கீழ போவக் கூடாது. லேபுக்கும் அனுப்புங்க."

மதியத்துக்குள்ளேயே இரண்டு பாட்டில் நிரம்பியது. லேபில் பார்த்தால் அதில் உப்பு அளவுக்கு மேல் இருந்தது. தண்ணீர் தேங்கவே இல்லை, உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

"காஞ்ச உடம்புல மூளைக்கு ரத்தம் எப்படிப் போவும்? நாமளே காயப் போட்டுட்டோம்," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சலைன், அதாவது உப்பு நீர், ஏற்றச் சொன்னார்.

அதற்கு மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில், "எங்க, என் விரலப் புடிங்க," என்றார் டாக்டர். செங்கேணி இடது கையை நீட்டிப் பிடித்தார். வலை இழுத்த பிடி.

"யோவ், விடுய்யா, வலிக்குது!"

வார்டே சிரித்தது. நான் துணி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அத்தனை சந்தோஷம்.

பழைய தாள்களை ஒதுக்கிவிட்டு டாக்டர் ஆராய்ச்சியை முதலிலிருந்து தொடங்கினார். அளந்து பார்க்காமல் யாருக்கும் தண்ணீரைக் குறைப்பது எங்கள் வார்டில் அன்றோடு நின்றது.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கூட இருப்பவர்களுக்கு வேலையை மட்டும் ஏவாதீர்கள், எதற்கு என்றும் சொல்லுங்கள். நான் அஞ்சலைக்குச் சொன்னது அந்த ஐந்தாம் நாள்தான். அதன்பின் அவள் வீட்டுக்குப் போகும்வரை வார்டுக்குக் காவல் நின்றாள். புதிதாக வந்த ஒருத்தி பாட்டிலை எடுத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனபோது ஓடிப்போய் மறித்தாள்.

"ஊத்திடாதக்கா. அதுலதான் எம் புருசன் கையே இருந்துச்சு."