சகலை கட்டிய கண்ணாடிச் சூளை

என் சகலை கஜேந்திரனைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதைச் சொல்ல என்ன வெட்கம்? கண்டி மஹய்யாவயில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்.

நான் முப்பது வருடமாகப் பாண் சுடும் போறணை கட்டுகிற மேசன். கம்பளை, பேராதனை என்று எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும் என் கை வைத்த செங்கல் இருக்கும். அவனோ ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டவன். என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தான். இரண்டு வருடம் எனக்கு மண் குழைத்தான், பிறகு தனியாகத் தொழில் தொடங்கிவிட்டான். தொடங்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் வாயே திறக்க மாட்டான் அந்தப் பாவி. எதற்கும் ஒரு சிரிப்பு. செங்கல்லை எடுத்தால் தட்டி, காதோடு வைத்துக் கேட்டு, கொப்பியில் எழுதிக்கொள்வான். என் மாமியார் சொல்கிறார், அவனுக்கு நெருப்பின் குணம் தெரியுமாம். அப்படியென்றால் நான் முப்பது வருடம் குளிரா காய்ந்தேன்?

போன வருடம் பிலிமத்தலாவையில் ரபீகா என்ற அம்மா ஒரு பெரிய சூளை கட்டக் கேட்டார். பழைய ஜன்னல் கண்ணாடியைச் சூட்டில் இளக்கி, வளைத்து, தட்டும் விளக்கு மூடியும் செய்கிற பட்டறை அவருடையது. நான் முந்திக்கொண்டு போனேன்.

"பாண் போறணைன்டா உங்களத்தான் கூப்பிடுவேன். இது வேற வேல. கஜேந்திரன் மேசன் படமே கீறித் தந்தீக்காரு. இது சரியா வந்தா கொழும்புல ரெண்டு பட்டறைக்காரங்க அவரத்தான் கேட்டுட்டு ஈக்காங்க" என்றார்.

படமாம்! எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் படம் கீறுகிறான்!

கூரை வளைவு வைக்கும்போது அவன் என்னையே கூப்பிட்டான். "நீங்க கைவச்சாத்தாண்ணே வளைவு நிக்கும், வாங்க." போனேன். உதவவா போனேன்? குறை கண்டுபிடிக்கத்தான்.

கண்டுபிடித்தேன். வளைவுக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, சூடு தாங்கும் வெள்ளைப் பஞ்சை அடைத்திருந்தான். போறணைக்காரனுக்கு இடைவெளி என்றால் மானக்கேடு. "என்னடா இது, பல்லு விழுந்த வாய் மாதிரி?" என்று கேட்டேன்.

"சூட்டுல செங்கல் வளரும்ண்ணே, அதுக்கு எடம் வேணும். இது எண்ணூறு டிகிரி போகணும். நம்ம போறணை அதுல பாதிகூடப் போறதில்லையே."

அன்று வீட்டுக்கு வந்தால் மனைவி சிந்துஜா, "மொதத் தட்ட கஜேந்திரனுக்குத்தான் குடுக்கப் போறாங்களாம். தங்கச்சி அலுமாரியில எடம் ஒதுக்கிட்டா" என்கிறாள். புதுப் போறணையில் முதல் பாண் மேசனுக்கு என்பது எங்கள் வழக்கம். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்தது எல்லாம் பாண்தான், அன்றைக்கே தின்று தீர்ந்தது. அவனுக்கு மட்டும் பரம்பரைக்கும் நிற்கிற கண்ணாடித் தட்டு!

மறுநாள் எல்லோரும் பகல் சாப்பாட்டுக்குப் போனதும் நான் மட்டும் சூளையடியில் தங்கிவிட்டேன். பஞ்சைப் பிடுங்கினேன். அந்த இடைவெளி முழுவதும் மண்ணைத் திணித்து இறுக்கினேன். அவன் பிழையைத் திருத்துகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருத்துகிறவன் எதற்காக மேலே மெல்லிசாகப் பஞ்சை வைத்து மறைக்கிறான்?

சூளை காய்ந்ததும் ஒரு நாள் காலையில் தேங்காய் உடைத்து நெருப்பு மூட்டினோம். ரபீகா பிஸ்மி சொன்னார். பின்னேரம் நாலு மணிக்கு 'டமார்' என்றது. வளைவு பிளந்து, பின்பக்கச் செங்கல் இரண்டு வரிசை உள்ளே இருந்த கண்ணாடி மேல் விழுந்தது. கஜேந்திரன் முகத்தில் ஈயாடவில்லை. பொய் சொல்ல மாட்டேன், என் நெஞ்சு குளிர்ந்தது. "யானைக்கும் அடி சறுக்கும்டா" என்று தோளில் தட்டியும் கொடுத்தேன்.

சூளை ஆற இரண்டு நாள் பிடித்தது. பிறகு இடிபாட்டைப் பிரிக்கும்போது அவன் கை பின்சுவரைத் துழாவியது. கல்லாக வெந்த மண்கட்டி ஒன்று கையோடு வந்தது. அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். எல்லோரும் சாப்பிடப் போன அன்று பகல் அங்கே தனியாக நின்றது யார் என்று அவனுக்குத் தெரியாதா? நான் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"எங்க பிழ நடந்தீக்கி?" என்று ரபீகா கேட்டார்.

மண்கட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவன், "எடைவெளிய நான்தான் சரியாப் பாக்கல மிஸ். என் பிழைதான். திரும்பக் கட்டித் தர்றேன்" என்றான்.

ரபீகா அவன் பக்கம் திரும்பினார். "பிழைய ஒத்துக்கொள்ற மேசன இப்பதான் பாக்குறேன். நீங்களே கட்டுங்க. கொழும்புக்காரங்களுக்கும் சொல்லுறேன்" என்றார்.

கேட்டீர்களா கதையை? அது நான் செய்த பிழை. அதையும் அவனே எடுத்துக்கொண்டு பெயர் வாங்கிவிட்டான். இல்லை, நான்தான் செய்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். சொன்னால் அவன் இன்னும் நல்லவனாகிவிடுவான்.