பத்துக்கு மூன்று வாங்கிய பேஸ் கிட்டார்

போன வருடம், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம் கொழும்பில் ஒருகொடவத்தை. கண்டெய்னர் லொறிகள் நிற்கும் முற்றம் ஒன்றின் பின்னால் தகரக் கூரை போட்ட பழைய களஞ்சியம். மத்தியானம் இரண்டு மணி வெயிலில், அதற்குள் இருநூறு பேராவது கறுப்பு ரீசேர்ட் போட்டு வியர்வையில் குளித்துக்கொண்டு நின்றோம். அதில் நானும் ஒருத்தி.

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் ரியூஷன் எடுப்பவள். வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. கிழமை நாட்களில் காலி வீதியில் என்னைச் சேலையோடு காண்கிற பெற்றோர் யாரும், இந்த டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறாள் என்று கனவிலும் நினைக்க மாட்டார்கள்.

பல்கலைக்கழக விடுதியில் என்னோடு அறையில் இருந்த நீர்கொழும்புப் பிள்ளை ஒருத்திதான் இந்த ஹெவி மெட்டல் பைத்தியத்தைத் தொடக்கிவைத்தாள். அவள் போட்டுக்காட்டிய முதல் பாட்டைக் கேட்டபோது, பக்கத்து அறையில் யாரோ இரும்பு அலுமாரியை இழுக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் நானே கேட்டேன், “அந்த அலுமாரிப் பாட்டைப் போடும்” என்று. அன்றிலிருந்து இன்றுவரை விடவில்லை.

எங்கள் கச்சேரிகளுக்கு வீதியில் போஸ்டர் ஒட்டுவதில்லை. போனில் ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். கொட்டாஞ்சேனையில் கலியாண மண்டபம் ஒன்று, தெஹிவளையில் யாரோ ஒருவரின் மொட்டைமாடி, இப்படி ஒரு களஞ்சியம். ஆங்கிலத்தில் பாடுவார்கள், சிங்களத்தில் பாடுவார்கள், அபூர்வமாகத் தமிழில். மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஆடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு சட்டம் உண்டு: ஒருவர் விழுந்தால் எல்லோரும் நின்று அவரைத் தூக்கிவிட வேண்டும்.

பார்த்ததைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கத்தில் எழுதியும் வந்தேன். பெற்றோருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பெயர் போடவில்லை. வாசித்தவர்கள் யாரோ ஓர் ஆண் என்று நினைத்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை. ரியூஷன் பழக்கம் அங்கேயும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு கொட்டாஞ்சேனையில் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவைக் கேட்டிருந்தேன். தமிழும் சிங்களமும் கலந்து பாடினார்கள். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் தண்ணீர் வராத நாளைப் பற்றி ஒரு பாட்டு. அருமை. ஆனால் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஓர் அங்குலம் அசையவில்லை. வீட்டுக்கு வந்து எழுதினேன்: “பேஸ் வாசிப்பவர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர் போல நின்றார். மற்ற இருவரும் வாசிக்க வந்தார்கள், இவர் நிற்க வந்தார். பத்துக்கு மூன்று.” அதைப் பலர் பகிர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சரி, ஒருகொடவத்தைக்கு வருகிறேன். இரண்டாவதாக மேடையேறிய குழு எனக்குப் பிடித்த பாட்டைத் தொடங்கியது. வழக்கமாக ஓரத்தில் நிற்கிற நான், அன்று வயதை மறந்து நடுவுக்குள் போய்விட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. யாருடைய முழங்கையோ நெற்றியில் இடித்தது. கண்ணாடி உடைந்தது. புருவத்துக்கு மேலே கிழிந்து, கண்ணெல்லாம் இரத்தம்.

அடுத்த கணம் அந்தக் கூட்டம் செய்ததை இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது. கைகள் உயர்ந்தன. பாட்டு பாதியில் நின்றது. என்னைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. கையெல்லாம் பச்சை குத்திய ஒருவர் தன் துவாயை மடித்து என் நெற்றியில் அழுத்தினார். இரண்டு பிள்ளைகள் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். இடித்தவர் யாரென்று தெரியாது, பத்துப் பேர் மாறி மாறி “சொறி அக்கா, சொறி அக்கா” என்றார்கள்.

அப்போது ஒரு குரல், “அக்கா, இங்க பாருங்க. இது எத்தன விரலு?”

“ரெண்டு,” என்றேன்.

“நல்லது. என் த்ரீவீல் வாசல் கேட்டு பக்கத்துலயே நிக்குது. வாங்க, தையல் போடணும் இதுக்கு.”

கண்ணாடி இல்லாமல் எனக்கு முகங்கள் எல்லாம் மங்கல். ஒல்லியான ஓர் ஆள் என்பது மட்டும் தெரிந்தது. ஏற்பாட்டாளர் பின்னால் ஓடிவந்து, “அடுத்தது நீங்கள்தானே?” என்று சிங்களத்தில் கத்தினார். “மத்தவங்களப் போடுங்க,” என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

பெரியாஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் பெயர்த் துண்டு எழுதிவிட்டு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். தனியாக விட்டுப் போக அவர் ஒப்பவில்லை. நான்தான் கதை கொடுத்தேன்.

“தம்பி, நீங்கள் என்ன வாசிக்கிறனீங்கள்?”

“பேஸ் அக்கா.”

குழுவின் பெயரையும் சொன்னார். அதே கொட்டாஞ்சேனைக் குழு. அதே ஆள்.

அவரோ சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். “நம்மளப் பத்தி ஒருத்தரு எழுதியிருந்தாரு, வாசிச்சீங்களா? பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறேனாம். பத்துக்கு மூணாம். இப்ப வீட்டுல நான் சும்மா நின்னாலே பொண்டாட்டி கேக்குறா, ‘எத்தனாம் நம்பர் பஸ்?’னு.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நெற்றியைப் பொத்திக்கொண்டேன்.

“சரி, ஆடித்தான் பாப்போமேன்னு பிராக்டிஸ்ல குதிச்சேன் அக்கா. டிரம்ஸ் அடிக்கிறவன் பாதிப் பாட்டுல குச்சியக் கீழ வச்சிட்டு ஏச ஆரம்பிச்சிட்டான்.”

“ஏன்?”

“இந்த மாதிரி எடத்துல அவனுக்கு ஒண்ணுமே கேக்காது. தகரம் பூரா எதிரொலி. அவன் என் வலது கையப் பாத்துத்தான் அடிக்கிறான். நான் ஆடினா கை ஆடும், கை ஆடினா பாட்டே கவுந்துரும். அதான் பழையபடி நிக்கிறேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நாலு தையல், ஓர் ஊசி. டொக்டர் தைக்கும்போது வலித்ததா என்று கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லை. இருபது வருடமாக இந்த இசையைக் கேட்கிறேன், ஒரு குழுவுக்குள் யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? வகுப்பில் ஒரு பிள்ளை விடையை மட்டும் எழுதி, செய்கை காட்டாவிட்டால் ஏசுகிறவள் நான்.

வெளியே வந்து த்ரீவீலடியில் நின்றேன். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. அதுதான் கூடுதலாக அரித்தது.

“தம்பி, அதை எழுதினது நான்தான்.”

அவர் என் கட்டுப்போட்ட தலையைப் பார்த்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. டிரம்ஸ்காரர். இவர் சிங்களத்தில், “மச்சாங், அர லியபு எக்கெனா அஹு உனா,” என்றார். அதை எழுதின ஆள் பிடிபட்டாச்சு! மறுமுனையில் எழுந்த கூச்சலும் சிரிப்பும் எனக்கே கேட்டது.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “இப்ப சிரிச்சிக்கிட்டே சொன்னேன்ல, மொத ரெண்டு நாளு சிரிக்கல அக்கா.”

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“அது சரி. நம்மளக் கடைசியாப் போட்டிருக்காங்களாம். வீட்டுக்குப் போறீங்களா, வந்து பக்கத்துல இருந்து பாக்குறீங்களா?”

வீட்டுக்குப் போகிற ஆளா நான்?

திரும்பிப் போய்ச் சேர ஐந்து மணி. தலையில் கட்டோடு நான் இறங்கியதும் அந்தக் கூட்டம் எழுப்பிய ஆரவாரம், எந்தக் குழுவுக்கும் அன்று கிடைக்கவில்லை. மேடையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் என்னை இருத்தினார்கள். கண்ணாடி இல்லாததால் கூட்டம் வெறும் கறுப்பு அலை. கிட்ட இருந்ததால், பேஸ்காரருடைய வலது கையும் அதை விட்டுக் கண்ணெடுக்காத டிரம்ஸ்காரரும் மட்டும் தெரிந்தார்கள்.

பேஸ் அதிர்ந்தபோது பெட்டி வழியாக அது என் முதுகெலும்பில் ஏறியது. தண்ணீர்ப் பாட்டு நடுவில், கூட்டத்தின் ஆர்ப்பாட்டத்தில் பாடகர் ஒரு வரியை முந்திக்கொண்டு தொடங்கிவிட்டார். டிரம்ஸ்காரர் தடுமாறிப் பார்த்தார். பேஸ்காரரின் கை மட்டும் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரே ஒரு தரம் தலையை ஆட்டினார். டிரம்ஸ் அதில் வந்து ஏறியது, பாடகரும் திரும்பி வந்து சேர்ந்தார். நாலு விநாடிக்குள் எல்லாம் சரி. கீழே ஒருவருக்கும் தெரியாது. வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. தையல் இழுக்க இழுக்கக் கத்தினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கச்சேரியிலும் இருந்ததில்லை.

அன்றிரவே நடந்த முழுவதையும் என் சொந்தப் பெயரில் எழுதிப் போட்டேன். அதற்குக் கீழே முதல் ஆளாக டிரம்ஸ்காரர் சிரிக்கும் முகம் ஒன்று போட்டிருந்தார். அடுத்த நாள் வகுப்பில் கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி மெதுவாக, “டீச்சர், எங்கட அண்ணாவும் நேற்று அங்க வந்தவர். நீங்கள்தானாம் பெட்டிக்கு மேல இருந்தனீங்கள்,” என்றாள். வகுப்பே கைதட்டியது. பெற்றோர் ஒருவரும் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தவில்லை. ஒரு தகப்பன் மட்டும், அடுத்த கச்சேரி எப்போது, எங்கே என்று கேட்டு அனுப்பியிருந்தார்.

இப்போதும் எழுதுகிறேன், புள்ளி போடுவதில்லை. ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு பாட்டையாவது மேடைக்குப் பின்னால் போய் நின்று, யார் யாரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று தேடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, இருபது வருடம் கேட்டுத் தேய்ந்த பாட்டுகளிலும் எனக்குப் புதிதாக ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.